உள்ளே கொண்டுவரக் கூடாதவை

மம்சாபுரத்து ஜெயசித்ரா இருமினால் செண்பகத்தோப்பில் சாம்பல் அணில்கள் கையிலிருக்கும் கொட்டையைப் போட்டுவிட்டு ஓடும். நம்பாதவர்கள் அணில்களைக் கேட்டுக்கொள்ளலாம். ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்யும் கம்பெனியில் பதினோரு வருடம் தறி ஓட்டியதில் பஞ்சுத் தூசி அவள் நெஞ்சில் குடியேறிவிட்டது. இனி தறிப் பக்கமே போகக் கூடாது என்றார் டாக்டர். நல்லவேளையாக, தூசியில்லாத பேக்கிங் அறையில் ஓர் இடம் காலியானது.

அதற்கு ஒரு பரீட்சை இருந்தது. அந்த அறைக்குள் கொண்டுவரக் கூடாத இருபது பொருள்களின் பட்டியல் கதவில் ஒட்டியிருக்கும். சுத்தம் சரிபார்க்க வரும் வெளியூர் ஆடிட்டர் கேட்டால் பார்க்காமல் சொல்ல வேண்டும். தவறினால் பழையபடி தறிதான்.

ஜெயசித்ரா பட்டியலை நாற்பது தடவை நோட்டில் எழுதினாள். வாயைத் திறந்தால் ஏழுக்கு மேல் வரவில்லை. புருஷன் பாண்டி லாரி மோதிச் செத்து எட்டு மாதம். அன்றிலிருந்து அவளுக்குள் எதுவும் இறங்குவதில்லை. சோறு இறங்கியது, அவ்வளவுதான். அழுகையும் வரவில்லை.

பேக்கிங் அறையில் வேலை பார்க்கும் ஸ்ரீவில்லிபுத்தூர் சப்ரீன், கம்பெனி வேனில் அவள் நோட்டைப் பிடுங்கினாள்.

"ஏட்டி, குண்டூசி குண்டூசின்னு நாப்பது தடவ எழுதியிருக்கியே, ஒரு தடவையாச்சும் குண்டூசிய நெனச்சியா?"

"நெனச்சு என்ன ஆகப்போகுது?"

"ஒவ்வொண்ணும் ஒன் வீட்டு வாசல்ல வந்து நிக்குதுன்னு வையி. உள்ள கூப்பிடுவியா, வெரட்டிவிடுவியா? அத மட்டும் சொல்லு. குண்டூசி?"

"வெரட்டுவேன். குத்துனா புண்ணாயிரும்."

"ஹேர்பின்?"

"வரட்டும். இருந்த அம்புட்டையும் தொலச்சிட்டேன்."

"தின்பண்டம்?"

"ஒன் கண்ணுல படாம உள்ள இழுத்துப் போட்டுக் கதவச் சாத்திருவேன்."

வேனே சிரித்தது. ஜெயசித்ரா சிரிக்கவில்லை, பதில் மட்டும் சொல்லிக்கொண்டு வந்தாள்.

"மெட்டி?"

குனிந்து கால் விரல்களைப் பார்த்தாள். மெட்டி இருந்த இடத்தில் வெளுத்த தடம் இன்னும் போகவில்லை. கம்பெனி வாசலில் வேன் நின்றது.

"எறங்குட்டி" என்றாள் சப்ரீன். திரும்பக் கேட்கவில்லை.

மறுவாரம் ஆடிட்டர் வந்தார். ஜெயசித்ரா பட்டியல் வரிசைப்படி சொல்லவில்லை. விரட்ட வேண்டியவற்றை முதலில் சொன்னாள், பிறகு கூப்பிட வேண்டியவற்றை. ஆடிட்டர் விரல் மடக்கிக்கொண்டே வந்தார். பத்தொன்பதில் நின்றுவிட்டாள்.

"எம்மா, இன்னும் ஒண்ணு இருக்கு" என்றார் சூப்பர்வைசர் காளிராஜ். அவருக்கு வியர்த்திருந்தது.

அவள் மறக்கவில்லை. முதலில் நினைவுக்கு வந்ததே அதுதான். எந்தப் பக்கம் சேர்ப்பதென்று தெரியாமல் வாசலிலேயே நிறுத்தி வைத்திருந்தாள்.

"மெட்டி" என்றாள்.

ஆடிட்டர் டிக் போட்டார். ஜெயசித்ரா தொப்பியை மாட்டிக்கொண்டு மேசைக்குப் போய்த் துணி மடிக்கத் தொடங்கினாள்.

"பாஸாயிட்டட்டி! ஒரு சிரிப்பாவது சிரியேன்" என்றாள் சப்ரீன்.

"பொறவு சிரிக்கேன்."

சாயங்காலம் வீட்டுக்குப் போனதும், எட்டு மாதமாகத் திறக்காத டப்பாவைத் திறந்து பார்த்தாள். மெட்டி இருந்தது. மூடி வைத்துவிட்டு உலை வைக்கப் போனாள்.