அபுல் ஹஸனின் கடைசி வேளாண்மை

இதயம் பழுதான பிறகு அபுல் ஹஸன் வயலுக்குப் போகக் கூடாது என்றார் கல்முனை டொக்டர். வீட்டிலேயே இருக்கட்டும் என்றும் சொன்னார். அபுல் ஹஸனை வீட்டில் இருத்தும் மருந்தை மட்டும் எழுதித் தரவில்லை.

மகள் நுஸ்ஹா கொழும்பில் மென்பொருள் பொறியியலாளர். தீர்வு அவளிடம் இருந்தது. பொறியியலாளர்களிடம் எப்போதும் இருக்கும். பழைய கணினியில் லினக்ஸை ஏற்றி, பயிர் செய்யும் விளையாட்டு ஒன்றைப் போட்டுக் கொடுத்தாள். சாகாமத்து வயலை விட்ட மனிதர் திரையில் நெல் விதைத்தார். மழைக்கு முன் வெட்டாவிட்டால் அங்கேயும் பயிர் நாசம்தான்.

திரையில் நெல் வெட்டும் மெசினை இறக்கியதும் படம் விக்கி விக்கி நகர்ந்தது. முதல் போகம் மழையில் போயிற்று. இரண்டாவதும் போயிற்று.

“மகள், மெசின் சுரியில புதைஞ்ச மாதிரி இரிக்கி,” என்றார் தொலைபேசியில். “சாகாமத்துல இப்பிடி இழுத்தா ஓட்டுறவன இறக்கி உட்டிருப்பன்.”

நுஸ்ஹா கொழும்பிலிருந்தபடியே கணினிக்குள் நுழைந்தாள். கிராபிக்ஸ் டிரைவரைப் புதுப்பித்தாள். நிழல்களைக் குறைத்தாள். லினக்ஸின் கர்னலை மாற்றினாள். இணையத்தில் ஒருவர் சொன்ன கட்டளையையும், அவரை முட்டாள் என்ற இன்னொருவரின் கட்டளையையும் சேர்த்தே இட்டாள். மின் அமைப்பை ஒவ்வொரு முறையும் உச்ச வேகத்தில் வைத்தாள். அவள் சோதித்தால் ஓடியது. வாப்பா உட்கார்ந்தால் விக்கியது.

பெருநாளைக்கு வந்தபோது பின்னால் நின்று பார்த்தாள். அபுல் ஹஸன் பிஸ்மி சொல்லி உட்கார்ந்தார். மூலையிலிருந்த மெனுவைத் திறந்தார். உச்ச வேகத்துக்கான ரொக்கெட் படத்தை விட்டு இலைப் படத்தை அழுத்தினார். மின்சேமிப்பு.

“வாப்பா! என்ன செய்றீங்க?”

“கரண்ட மிச்சம் புடிக்கிறன்.”

“எப்ப இரிந்து?”

“நீ தந்த நாள்ல இரிந்து. தொழுகைக்கு ஒளு செய்யக்குள்ளயே தண்ணிய வீணாக்கப்படா. விளையாட்டுக்குப் போய் ரொக்கெட்டா? வீண்விரயம் ஹறாம், மகள்.”

“அதாலதான் மெசின் இழுக்குது!”

“அத முன்னமே செல்லி இரிக்கலாமே. நீதானே இஞ்சினியர்.”

“ரெண்டு போகம் மழையில போனது வீண்விரயமில்லையா?”

அவர் தாடியைத் தடவினார். பிறகு தீர்ப்பு வந்தது: விதைப்புக்கு இலை, வெட்டுக்கு மட்டும் ரொக்கெட். உலகின் லினக்ஸ் மன்றங்கள் எதுவும் இவ்வளவு தெளிவாகப் பேசியதில்லை.

மூன்றாவது போகத்தை விதைத்தார். அது விளைந்த வாரம் மௌத்தானார். இந்த முறை விக்கல் எதுவும் இல்லை. ஸுபஹுத் தொழுகைக்கு எழும்பவில்லை, அவ்வளவுதான்.

ஜனாஸா அடக்கி மூன்றாம் நாள், நுஸ்ஹா கணினியைத் திறந்தாள். திரையில் நெல் முற்றி நின்றது. வானம் கறுத்திருந்தது. ரொக்கெட்டை அழுத்தி மெசினை இறக்கினாள். அது வழுக்கிக்கொண்டு போயிற்று.

ஜுனைதா மாமி அறைக்குள் எட்டிப் பார்த்தாள். “மௌத்து ஊட்டுல கேமா விளையாடுறாய்?”

“வாப்பாட வேளாண்மைய வெட்டுறன் மாமி. மழ வருகுது.”

மாமி திட்ட வாயெடுத்தவள், திரையைப் பார்த்தாள். முக்காட்டை இழுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“அந்த மூலைய உட்டுட்டாய்,” என்றாள்.

நுஸ்ஹா மெசினைத் திருப்பினாள்.