எங்கடை பிரேதம்

லண்டனில் எனக்கு இரண்டு வேலைகள். கிழமை நாட்களில் ஓர் அலுவலகத்தில் கணினி மென்பொருள் சோதிப்பது. சனிக்கிழமைகளில் பிணமாகக் கிடப்பது. முதல் வேலையில் என்னை யாரும் பாராட்டியதில்லை.

பிணமாக வேண்டும் என்று நான் ஆசைப்பட்டுப் போகவில்லை. டூட்டிங்கில் அறை எடுத்துத் தங்கிய புதிதில், மளிகைக் கடைக் கண்ணாடியில் ‘நாடகத்தில் நடிக்க ஆட்கள் தேவை’ என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். கல்லூரியில் மேடை ஏறியவன் நான். வார இறுதியில் பேச ஆளில்லாமல் தொலைக்காட்சியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தவனும்கூட. போய்விட்டேன்.

சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு முடிந்த பிறகு அதே பள்ளி அறையில்தான் ஒத்திகை. நாற்காலிகள் எல்லாம் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் அளவு. வில்லன் அதில் உட்கார்ந்தால் முழங்கால் தாடையைத் தொடும். அந்தக் கோலத்தில்தான் அவர் குடும்பத்தையே மிரட்ட வேண்டும். கதாநாயகன் பெட்ரோல் நிலையத்துச் சீருடையில் வருவார், காதல் காட்சி முடிந்ததும் ஷிப்டுக்கு ஓடுவார். நாடகத்தை எழுதி இயக்கி மூத்த மகனாக நடிப்பவரை எல்லோரும் அண்ணை என்பார்கள். பிழைப்புக்குப் பேருந்து ஓட்டுகிறவர். மேடையில் கூட்டம் சேர்ந்துவிட்டால், “உள்ளுக்குத் தள்ளி நில்லுங்கோ, கதவடியிலை நிக்காதேங்கோ” என்று அவரை அறியாமலேயே கத்துவார்.

அன்று என்னிடம் ஒரு பக்கம் வசனத்தைத் தந்து படிக்கச் சொன்னார். அவர்கள் எல்லோரும் இலங்கைத் தமிழர்கள்; நான் திருச்சிக்காரன். உணர்ச்சியைக் கொட்டிப் படித்தேன். முடித்தபோது எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“தம்பி, குரல் நல்ல குரல்” என்றார் அண்ணை. “ஆனா நீர் வாயைத் திறந்தா எங்கடை நாடகம் சினிமாப் படமாப் போகுது. பாக்கிற சனம் எப்ப பாட்டு வரும் எண்டு காத்திருக்கும்.”

“வேற சின்ன ரோல் ஏதாவது இருந்தாக்கூடப் பண்றேண்ணே.”

அவர் யோசித்தார். “ஒண்டு இருக்கு. வாய் திறக்கத் தேவையில்லை.”

அப்படித்தான் நான் அந்த வீட்டின் அப்பாவானேன். இரண்டாவது காட்சியில் பிரேதமாகக் கிடப்பேன்; பிறகு என்னைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். மீதி நாடகம் முழுக்கப் பிள்ளைகள் லண்டன் ஹரோவில் நான் விட்டுப் போன வீட்டுக்காக அடித்துக்கொள்வார்கள். அண்ணையைவிட நான் பல வயது இளையவன். தலையில் முகப்பவுடரைக் கொட்டி அவருக்கே அப்பாவாக்கினார்கள். தும்மல் வராமல் சாவதுதான் அந்தப் பாத்திரத்தின் கஷ்டம்.

குழுவில் என்னை ‘இந்தியாத் தம்பி’ என்பார்கள். அன்பாகத்தான் சொல்வார்கள். தேநீர் வந்தால் முதல் கோப்பை எனக்கு, இறைச்சி ரோல்ஸ் வந்தால் பெரியது எனக்கு. விருந்தாளிக்குச் செய்வதெல்லாம் செய்தார்கள். வீட்டுக்காரனைத் திட்டுவதுபோல் ஒரு நாளும் திட்டவில்லை. தாமதமாக வந்தவர்களை எல்லாம் அண்ணை கிழித்துத் தொங்கவிடுவார். நான் தாமதமாகப் போனால், “பரவாயில்லைத் தம்பி” என்பார். அந்தப் பரவாயில்லை எனக்கு உள்ளூரக் குத்தும்.

எங்கள் நாடகம் வருடத்துக்கு ஒருமுறை, ஓர் ஊர்ச்சங்கத்தின் ஒன்றுகூடலில்தான் அரங்கேறும். நடனம், பாட்டு, பேச்சு, பொன்னாடை எல்லாம் முடிந்து கடைசியாக நாடகம். அதற்குள் பக்கத்து அறையில் சாப்பாடு வந்து இறங்கிவிடும். ஆட்டிறைச்சிக் கறிச் சட்டியின் மூடியைத் திறந்த மறுநிமிடம் சனம் எழுந்துவிடும். போன வருடம் இதே நாடகத்தின் கடைசிக் காட்சியில், தாய் பிள்ளைகளைச் சபிக்கும் கட்டத்தில், அரங்கில் மிஞ்சியவர்கள் அண்ணையின் மனைவியும் மைக் செட்காரரும்தான். அவர் வயர் சுற்றக் காத்திருந்தார்.

இந்த வருடம் சங்கத் தலைவர் ஒத்திகைக்கே வந்து சொல்லிவிட்டார். “அண்ணை, குறை நினைக்கக் கூடாது. இந்த முறையும் கடைசிச் சீனுக்குச் சனம் இருக்காட்டி, வாற வருசம் நாடகம் இல்லை. அந்த நேரத்தை டி.ஜே.க்குக் குடுக்கச் சொல்லிப் பிள்ளையள் நிக்கினம்.”

அவர் போன பிறகு எல்லோரும் குட்டி நாற்காலிகளை அடுக்கத் தொடங்கினார்கள். என் மனைவியாக நடிக்கும் அக்கா, வாரம் முழுக்கக் கணக்காளராக உழைத்துவிட்டு அழுவதற்கென்றே சனிக்கிழமை வருகிறவர், “டி.ஜே.யாம்” என்று மட்டும் சொன்னார். இந்த நாடகம் நின்றால் இவர்கள் ஒருவரையொருவர் கல்யாண வீட்டில் பார்த்துக்கொள்வார்கள். என்னை எந்தக் கல்யாண வீட்டுக்கு யார் கூப்பிடப் போகிறார்கள்?

ஒன்றுகூடல் நாள் வந்தது. வழக்கம்போல எல்லாம் தாமதம். பிரதம விருந்தினர் வந்தே சேரவில்லை. அவர் லண்டன் தமிழர் நடத்தும் எந்த நிகழ்வுக்கும் போகிற, எந்த ஒலிவாங்கியையும் மறுக்காத பெரியவர். அவருக்கான மாலை, தண்ணீர் தெளிக்கத் தெளிக்க, ஓரமாக வாடிக்கொண்டிருந்தது. காத்திருந்து பார்த்துவிட்டு, வேறு வழியின்றி நாடகத்தைத் தொடங்கச் சொன்னார் தலைவர்.

முதல் காட்சி ஓடியது. இரண்டாவது காட்சியில் வெள்ளை வேட்டியோடு நான் கிடத்தப்பட்டேன். தலைமாட்டில் குத்துவிளக்கு. அக்கா ஒப்பாரியைத் தொடங்கினார். சரியாக அந்த நேரத்தில் கறி வாசனை வந்தது. மூடிய கண்ணுக்குள் எனக்கு எல்லாம் தெரிந்தது. முதலில் பின்வரிசையில் நாற்காலி இழுபடும் சத்தம். பிறகு, “பிள்ளையளுக்குப் பசிக்குதப்பா, வாங்கோ” என்று ஒரு குரல். அக்கா ஒப்பாரியை உரக்கப் பாடினார். நாற்காலிச் சத்தமும் உரக்கக் கேட்டது. முடிந்தது கதை என்று பிணமாகவே நினைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் பிரதம விருந்தினர் வந்தார்.

கார் நிறுத்த இடம் தேடிப் பின்பக்கம் வந்திருக்கிறார். அங்கே நின்ற தொண்டர் பதற்றத்தில் மாலையைக் கையில் திணித்து, “ஐயா, நேரை மேடைக்குப் போங்கோ” என்று தள்ளிவிட்டார். திரை மறைவிலிருந்து வெளிச்சத்துக்கு வந்தவர் கண்ட காட்சி: வெள்ளை வேட்டியில் ஒரு பிரேதம், எரிகிற விளக்கு, தலைவிரி கோலமாக அழும் பெண்சாதி, எதிரே சபை நிறைந்த சனம், நடுவில் ஒரு மைக். அவரோ அன்று காலை ஒரு செத்தவீட்டிலிருந்து இன்னொரு செத்தவீட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தவர். கையில் மாலை வேறு. மனிதர் சந்தேகப்பட ஒரு காரணமும் இல்லை.

சப்பாத்தைக் கழற்றிவிட்டு வந்து மாலையை என் மார்பில் வைத்தார். ஈரமாக, ஐஸ் மாதிரி இருந்தது. நான் அசையவில்லை. என் நடிப்பு வாழ்க்கையின் உச்சம் அதுதான். அக்காவின் தோளைத் தொட்டு, “மனதைத் தேற்றிக்கொள்ளுங்கோ பிள்ளை” என்றார். அக்கா திடுக்கிட்டு நிறுத்தி, வேறு வழி தெரியாமல் இன்னும் பெரிதாக அழுதார். அவர் மைக்கைப் பிடித்தார்.

“அன்னாரைப் பற்றிச் சொல்ல எனக்கு வார்த்தையில்லை” என்று தொடங்கினார். ஆனால் நிறையவே இருந்தது. “ஆருக்கும் தீங்கு நினைக்காத மனுசன். தேவைக்கு மேலாலை ஒரு வார்த்தை பேசமாட்டார். எங்கையோ பிறந்து, இந்தக் குளிருக்குள்ளை வந்து, தனியக் கிடந்து கஷ்டப்பட்டு, எங்களோடை ஒருத்தரா நிண்டவர். அவர் எங்கடை பிள்ளை. எங்கடை மண்ணிலை பிறக்காட்டிலும் எங்கடை பிள்ளைதான் எண்டு நான் சொல்லுவன்.”

கடைசி வரி எதற்காக என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. லண்டனில் பிறந்தவர் யாருக்கோ காலையில் ஆற்றிய உரையின் மிச்சமாக இருக்கலாம். ஆனால் மூடிய கண் ஓரத்தில் எனக்குத் தண்ணீர் கசிந்துவிட்டது. பிணம் அழுவதைப் பார்த்த அக்கா சேலைத் தலைப்பால் அதை ஒற்றி எடுத்தார். முன்வரிசையில் ஒரு பெண் விசும்பினார்.

“அன்னாரின் ஆத்மா சாந்தியடைய எல்லாரும் எழும்பி மௌன அஞ்சலி செலுத்துவம்” என்றார் பெரியவர்.

எழுந்தார்கள். மொத்தச் சபையும் எழுந்தது. சாப்பாட்டு அறை வாசல் வரை போனவர்கள் திரும்பி வந்து நின்றார்கள். பெரியவரை யாரோ நைசாகக் கூட்டிப்போய் முன்வரிசையில் இருத்த, சனமும் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்தது. ஒருவரும் வெளியேறவில்லை. அது நாடகம் என்று அவர்களுக்குத் தெரியும். என்னை மேடைக்குப் பின்னால் உயிரோடு பார்த்தவர்களே பலர். இருந்தும் கால் நகரவில்லை. பிரேதம் வீட்டில் கிடக்கும்போது எடுக்கும்வரை சாப்பிடுவதில்லை என்பது அந்தச் சனத்தின் எலும்பில் ஊறிப்போன பழக்கம்.

அதை முதலில் பிடித்துக்கொண்டவர் அண்ணை. இருபது வருடம் பேருந்துக் கண்ணாடியில் சனத்தைப் பார்த்துப் பழகியவர். என்னைத் தூக்க வந்த இருவரையும் கையைக் காட்டி நிறுத்தினார். துக்கம் தாங்காத மகனாக என் மேல் விழுந்து, காதுக்குள் சொன்னார்.

“எழும்பாதை. நான் சொல்லுமட்டும் உன்னைத் தூக்கேலாது. அசைஞ்சியோ, கொன்றுபோடுவன்.”

எனக்கு முதல்முறையாக அவர் வாயிலிருந்து ‘நீ’ கிடைத்தது. திட்டும் கிடைத்தது. சந்தோஷமாகச் செத்துக் கிடந்தேன்.

மீதி நாடகம் முழுக்க என்னைச் சுற்றியே நடந்தது. வீட்டுச் சண்டை என் தலைமாட்டில். சமாதானப் பேச்சு என் கால்மாட்டில். மகளுடைய காதலைக்கூட என்னைத் தாண்டித்தான் சொல்ல வேண்டியிருந்தது. காதலன் என் கையை மிதித்தான். பவுடர் மூக்கில் ஏறியது, கால் மரத்தது, கறி வாசனை வந்து வந்து போனது. அப்பா கிடக்கும்போதே வீட்டுக்கு அடித்துக்கொள்கிறார்களே என்று சனம் கொதித்தது. “கொஞ்சமாவது வெக்கம் இருக்கோ!” என்று ஒரு கிழவர் வில்லனைப் பார்த்துக் கத்தினார். தாய் சபித்த கட்டத்தில் அரங்கில் ஊசி விழுந்தாலும் கேட்டிருக்கும்.

அதற்குப் பிறகுதான் அண்ணை, “அப்பாவைத் தூக்குங்கோ” என்றார். நான் தோளில் ஏறி வெளியே போனேன். கைதட்டல் இன்னும் அடங்கவில்லை, சனம் சாப்பாட்டு அறைக்குப் பாய்ந்த பாய்ச்சலில் கதவு கழன்றுவிடும்போல இருந்தது.

தட்டோடு வரிசையில் நின்றேன். முன்னால் பிரதம விருந்தினர். திரும்பிப் பார்த்தவர், தலையில் பவுடரோடு நின்ற என்னைக் கண்டு அப்படியே நின்றார். கரண்டியிலிருந்த கறி வழிந்தது. பிறகு சுதாரித்துக்கொண்டு, “தம்பி, நான் சொன்னதிலை ஒண்டும் பிழையில்லைத் தானே?” என்றார்.

“ஒண்ணும் இல்லைங்க ஐயா” என்றேன்.

பின்னால் நின்ற ஓர் அம்மா என் தட்டில் கூடுதலாக ஒரு துண்டு இறைச்சி வைத்தார். “நல்லாச் செத்தீர் தம்பி.”

தலைவர் அங்கேயே அண்ணையின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அடுத்த வருடமும் நாடகம் உண்டு. ஒரே ஒரு நிபந்தனை: பிரேதம் முதல் காட்சியிலேயே வந்துவிட வேண்டும்.

அந்தச் செய்தி ஹரோவிலுள்ள இன்னொரு நாடகக் குழுவுக்கும் போய்விட்டது. போன மாதம் ஒத்திகையின் நடுவே அவர்களுடைய இயக்குநர் தொலைபேசியில் அண்ணையைக் கூப்பிட்டார். நான் தரையில் கண்ணை மூடிக் கிடந்தேன். தங்கள் நாடகத்துக்கு ஒரு நாள் மட்டும் அந்த இந்தியாத் தம்பியைத் தர முடியுமா என்று அவர் கேட்பது எனக்கே கேட்டது.

“எந்த இந்தியாத் தம்பி?” என்றார் அண்ணை. பேருந்தின் கதவைச் சாத்துகிற குரல். “அது எங்கடை பிரேதம். தரேலாது.”