பூ வைக்க வந்தவர்களும் வாசல் வேப்பிலையும்

என் மகளின் முகத்தில் மூன்று முத்து உண்டு. நெற்றியில் பொட்டுக்குச் சற்று மேலே ஒன்று, மூக்கோரம் ஒன்று, தாடையில் ஒன்று. ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது அவளுக்கு அம்மை கண்டது. எங்கள் வீட்டில் அம்மை என்று சொல்ல மாட்டோம், அம்மா வந்திருக்கிறாள் என்போம். பெரியாஸ்பத்திரி மருந்தும் கொடுத்தோம், வேப்பிலையும் விரித்தோம். காய்ச்சல் முற்றி, பெற்றவர்கள் யாரென்றே தெரியாமல் பிள்ளை எங்களை வெறித்துப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். மேல்மலையனூர்த் தாயே, இவளை எனக்கே திருப்பிக் கொடுத்துவிடு என்று அழுதேன். கொடுத்தாள். கொடுத்த கையின் அடையாளம்தான் அந்த மூன்று குழியும். தழும்பு என்று நாங்கள் சொன்னதே கிடையாது.

முதலில் அப்படிச் சொன்னவள், விழுப்புரத்திலிருந்து மகனோடு பெண் பார்க்க வந்த அம்மாள்.

நான் திண்டிவனத்தில் மாவு மில் வைத்திருப்பவன். அதிகம் படித்தவன் இல்லை. ஒருவருக்குப் பக்தி இருக்கிறது என்று தெரிந்தால் போதும், மனசு இளகிவிடும். அந்த அம்மாள் உட்கார்ந்ததும் சொன்ன முதல் சேதியே அதுதான்.

"வருஷா வருஷம் ஆடியில தீச்சட்டி எடுக்குறவண்ணா நானு. அம்மா இல்லாம எங்க வூட்ல ஒரு துரும்பு அசையாது."

நான் கரைந்துபோனேன். நம்ம ஜாதகம் இங்கேதான் பொருந்தியிருக்கிறது என்று மனைவியைப் பார்த்துத் தலையாட்டினேன். கேசரியைச் சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கீழே வைத்த பிறகுதான் அந்த அம்மாள் மெதுவாக ஆரம்பித்தாள்.

"பொண்ணு லட்சணமாத்தான் கீது. அந்தத் தழும்பு மட்டும்தான் போட்டோவுல எடுப்பாத் தெரியும். இப்பல்லாம் லேசர் வெச்சி எடுத்துடுறாங்களே, எங்க விழுப்புரத்துலயே பண்றாங்க. பண்ணிக்கினீங்கன்னா அடுத்த வாரமே பூ வெச்சிடலாம்."

"அது அம்மா போட்ட முத்தும்மா" என்றேன்.

"அதுக்கில்லண்ணா. அம்மா மனசுல இருந்தா போதாதா? மூஞ்சியில வேற இருக்கணுமா?"

தீச்சட்டி எடுக்கும்போது நாலு பக்கமும் செல்போனில் படம் பிடிப்பார்கள். அப்போது கையில் அம்மா வேண்டும். மருமகள் முகத்தில் மட்டும் ஆகாது. இதெல்லாம் எனக்குப் பிறகு தோன்றியது. அன்றைக்கு, யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தேன். பையன் போனிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

மறுநாள் காலையில் நான் வேண்டாம் என்றுதான் சொல்லவிருந்தேன். மகள் விழுப்புரத்தில் ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கிறாள். பஸ்ஸுக்குக் கிளம்பும் அவசரத்திலும் கண்ணாடி முன்னால் நின்று, அந்த மூன்று இடத்தில் மட்டும் பவுடரைத் திரும்பத் திரும்ப ஒற்றிக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷத்தில் அவள் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. பையனையும் அவளுக்குப் பிடித்திருந்தது. வேண்டாம் என்று சொல்ல எடுத்த போனைச் சட்டைப் பையிலேயே போட்டுக்கொண்டேன்.

"ஒரு வாட்டி பண்ணிட்டா அவங்க வாய மூடிக்குவாங்க. நீங்க கம்முனு வாங்க" என்றாள் மனைவி. அவள் ஏற்கெனவே உருளைக்கிழங்குச் சாறு, சோற்றுக்கற்றாழை என்று மகள் முகத்தில் ஒரு சமையலே செய்து பார்த்திருந்தாள்.

லேசர் வைக்கிற அந்த இடம் விழுப்புரத்தில் ஒரு செல்போன் கடைக்கு மேலே இருந்தது. ஆஸ்பத்திரி என்று அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உள்ளே ஏசி, செண்ட் வாசனை, சுவர் முழுக்க ஜோடி ஜோடியாகப் படங்கள். சிகிச்சைக்கு முன்னால் எடுத்த படத்தில் எல்லாப் பெண்களும் இருட்டில் அழுமூஞ்சியாக இருந்தார்கள். பின்னால் எடுத்ததில் நல்ல வெளிச்சத்தில் உதட்டுச் சாயத்தோடு சிரித்தார்கள். விளக்கைப் போட்டுச் சிரிக்கச் சொல்வதற்கு மிஷின் எதற்கு?

வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு பெண் விளக்கம் சொன்னாள். டாக்டர் சென்னையிலிருந்து வாரம் ஒரு நாள் வருவாராம், மற்ற நாளெல்லாம் இவள்தானாம்.

"லேசர்ல ஸ்கின்ன லைட்டா சுடுவோம் சார். அப்புறம் புது ஸ்கின் ஃபார்ம் ஆகும்."

லைட்டாகச் சுடுவது என்று ஒன்று இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

"குழி போயிடுமாம்மா?"

"நல்ல இம்ப்ரூவ்மெண்ட் தெரியும் சார்."

"போயிடுமா?"

"சிட்டிங் போகப் போக நல்லாவே குறையும் சார்."

போகும் என்ற சொல் மட்டும் அவள் வாயிலிருந்து வரவில்லை. இருக்கிற குழி மூன்றுதானே, அங்கே மட்டும் செய்யக்கூடாதா என்றதற்கு, "கலர் மாறிடும் சார், ஃபுல் ஃபேஸ்தான் பேக்கேஜ்" என்றாள். மூன்று குழிக்காக விக்கிரவாண்டி டோல்கேட் வரைக்கும் ரோட்டையே பெயர்த்துப் போடுகிற காண்ட்ராக்டர் பேச்சு. அதையும் கேட்டுத் தலையாட்டினேன்.

அன்றைக்கே முதல் சிட்டிங்கை முடித்து, மூன்றே நாளில் சரியாகிவிடும், அதுவரை வெயில் படக்கூடாது, ஒரு வாரத்துக்கு முகத்தில் தண்ணீர் ஊற்றக்கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். நாலாம் நாள் என் மகளின் முகம் வீங்கி, நெற்றியிலிருந்து கழுத்துவரை பழுப்புப் பழுப்பாகப் பொறிப்பொறியாகக் கிடந்தது. கேழ்வரகை வாரி இறைத்த மாதிரி. லேசர் முடிந்தது என்று சொல்லியிருந்ததால் மறுநாள் காலையில் பூ வைக்க வருகிறார்கள். போன் போட்டால், "அது நார்மல் சார், உதிர்ந்துடும்" என்கிறாள் வெள்ளைக் கோட்டு.

அன்று மாலை நான் மில்லில் இருந்தபோது எதிர்வீட்டு அம்மாள் எங்கள் வீட்டில் ஏதோ கேட்கப் போயிருக்கிறாள். கதவு வழியாக மகளின் முகத்தைப் பார்த்திருக்கிறாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. அம்மா வந்த வீட்டில் கேள்வி கேட்கக் கூடாதே. கன்னத்தில் போட்டுக்கொண்டு நேரே போய் ஒரு கொத்து வேப்பிலை ஒடித்துவந்து எங்கள் வாசல் நிலையில் செருகி, மஞ்சள் தண்ணீரும் தெளித்துவிட்டுப் போய்விட்டாள்.

நான் வந்து பார்த்தேன். பிடுங்கிப் போடக் கை தானாக மேலே போனது. பாதியில் நின்றுவிட்டது.

"புடுங்கிப் போடுங்க. காலைல வர்றாங்க" என்றாள் மனைவி.

"தலைக்குத் தண்ணி ஊத்தாம எப்படிப் புடுங்குறது?"

"இன்னாங்க பேஜாரா கீது உங்களோட! அது அம்மாவா? கரண்ட்டு வெச்சி சுட்டது!"

"சுட்டது கரண்ட்டா இருக்கலாம். செருகுனது அம்மா பேரச் சொல்லி."

அம்மா பெயரால் செருகிய இலையை, அம்மா வந்தவர் தலைக்குத் தண்ணீர் ஊற்றி முடிக்காமல் எங்கள் குடும்பத்தில் யாரும் எடுத்ததில்லை. தண்ணீர் ஊற்றலாம் என்றால் லேசர்க்காரி கூடாது என்கிறாள். வேப்பிலை இருக்கும் வீட்டில் நல்ல காரியம் பேச மாட்டார்கள் என்பதும் தெரியும். இருந்தாலும், வருகிறவள் தீச்சட்டி எடுக்கிறவள், நடந்ததைச் சொன்னால் அவளே சிரித்துவிடுவாள் என்று நினைத்தேன். மடையன்.

காலையில் வேன் வந்து நின்றது. தட்டு, பூக்கூடை, பழம் என்று பெண்கள் இறங்கினார்கள். அந்த அம்மாள் வாசலைப் பார்த்ததும் ஆணி அடித்தாற்போல் நின்றாள்.

"இன்னாண்ணா இது? அம்மா வந்திருக்கான்னு ஒரு வார்த்த சொல்லல?"

"அம்மா வரலம்மா. நீங்க சொன்ன லேசர்தான்."

"மறைக்காதீங்கண்ணா! லேசர் வெச்சா யாரு வேப்பில கட்டுவாங்க? டேய், நீ வேன்லயே குந்து! எறங்காத!"

அதற்குள் மகளே வெளியே வந்துவிட்டாள். புதுப்புடவை, தலை நிறைய மல்லிகை, முகம் முழுக்கப் பொறி. அந்த அம்மாள் நாலடி பின்னால் போய் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். தீச்சட்டி ஏந்துகிற அதே கை. கும்பிடவாவது அந்தக் கை எழுந்திருக்கலாம். மூக்கைப் பொத்தத்தான் எழுந்தது.

"எம் பையனுக்கு இன்னும் வந்ததே இல்லம்மா. ஒட்டிக்கும். மூஞ்சியெல்லாம் குழி வுழுந்துடும்."

"வுழுந்தா இன்னாங்க?" என்றாள் என் மகள். "எனக்குக் காட்டுனீங்களே, அதே கடையில வுட்டுச் சுட்டுக்கலாம். பையன் மூஞ்சிக்கும் பேக்கேஜ் போடுவாங்க."

வேனுக்குள் யாரோ ஒரு பெண் களுக்கென்று சிரித்துவிட்டு அடங்கினாள். பையன் கண்ணாடியை ஏற்றிக்கொண்டான். வந்த தட்டும் பூவும் வந்த வழியே போயின. பூவில் ஒரு முழத்தைக்கூட வாசலில் அம்மாவுக்கென்று வைத்துவிட்டுப் போக அவர்களுக்குத் தோன்றவில்லை. எனக்கு அதுதான் ஆறவே இல்லை.

சாயங்காலம் அந்த அம்மாள் போன் செய்தாள். "தண்ணி ஊத்தினப்புறம் சொல்லுங்கண்ணா, வர்றோம். அதுக்குள்ள அடுத்த சிட்டிங்கையும் முடிச்சி வெச்சிடுங்க."

எனக்கு வாயில் வந்தது எதுவும் சொல்லத் தக்கதாக இல்லை. போனை மகளிடம் கொடுத்தேன்.

"வேணாங்க. உங்க பையன வெயில்ல வுடாம பத்திரமா வெச்சிக்கோங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள். பிறகு உள்ளே போய்க் கொஞ்ச நேரம் அழுதாள். பிடித்திருந்த பையன் அல்லவா. நாங்கள் யாரும் சமாதானம் சொல்லப் போகவில்லை. வேனிலிருந்து அவன் ஒரு தடவை இறங்கியிருந்தால் நானே போய்க் கையைப் பிடித்திருப்பேன்.

லேசர்க்காரியிடமிருந்தும் அடுத்த சிட்டிங்குக்குப் போன் வந்தது. "வீட்ல வேப்பில கட்டியிருக்கோம்மா" என்றேன். "ஓகே சார்" என்று வைத்தவள் அதற்குப் பிறகு கூப்பிடவே இல்லை. அவளும் நம்ம ஊர்க்காரிதானே.

அந்த ஒரு வாரம் கழிந்ததும் மனைவி, வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீரை மகளின் தலையில் ஊற்றினாள். மிச்சமிருந்த பொறி எல்லாம் உதிர்ந்தது. அடியில் மூன்று முத்தும் இருந்த இடத்தில் இருந்தன. மூக்கோரத்து முத்து மட்டும் கொஞ்சம் கறுத்திருந்தது. அவ்வளவு சூடு போட்டும் அவர்களால் முடிந்தது அதுதான்.

நான் கும்பிட்டுவிட்டு நிலையிலிருந்த இலையை எடுத்தேன். எதிர்வீட்டு அம்மாள் கூழோடு வந்து, மகளின் முகத்தைத் தாடை பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"பாருக்கா, எவ்ளோ சாந்தமா எறங்கியிருக்கா! அந்தப் பழைய மூணுதான். இந்த வாட்டி புதுசா ஒண்ணுகூட வெக்கல."

மனைவி என்னைப் பார்த்தாள். மகள் தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்டச் சிரித்தாள். அது லேசர் சுட்டது என்று எதிர்வீட்டு அம்மாளிடம் நாங்கள் இன்றுவரை சொல்லவில்லை. கூழை வாங்கிக்கொண்டோம்.