திருகக் கூடாத பிரடை

பாடுகிறவருக்குச் சுருதி இறங்கினால் பழி வயலினுக்குத்தான். எங்கள் தொழிலில் இது எல்லோருக்கும் தெரியும். பாடிக்கொண்டே திரும்பி ஒரு பார்வை பார்ப்பார், காதைத் தொட்டுக் காட்டுவார். நான் உடனே பிரடையில், அதாவது கம்பியை முறுக்குகிற கட்டையில், கை வைக்க வேண்டும். தொட வேண்டுமே தவிரத் திருகக் கூடாது. அதற்குள் அவர் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துக் குரலைச் சரிசெய்துகொண்டு, "ஆங், இப்பச் சேர்ந்துருச்சு" என்பார். சபை தலையாட்டும். தப்பு என்னுடையது போல நான் சிரித்துவைப்பேன்.

எட்டாம் வகுப்போடு என் படிப்பை நிறுத்தியவர் அப்பா. "நீ கணக்குப் போட்டு என்னத்தக் கிழிக்கப் போற? வில்லப் பிடி" என்றார். பிடித்தேன். திண்டுக்கல், பழனி, ஒட்டன்சத்திரம் என்று எங்கே கச்சேரி என்றாலும் மேடையில் என் இடம் பாடகருக்கு இடப்பக்கம். ஒரு தடவையாவது நடுவில் உட்கார்ந்து வாசித்துவிட வேண்டும் என்று ஆசை. அதைத் தவிரப் பெரிய ஆசை எதுவும் எனக்கு இருந்ததில்லை.

போன நவராத்திரியில், திண்டுக்கல்லில் நாங்கள் வழக்கமாக வாசிக்கிற மண்டபத்தில், கமிட்டிச் செயலாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இன்னைக்கு உங்க ராகத்தக் கேக்கணும்னு இருக்கோம்மா. நல்லா அமைஞ்சா அடுத்த வருஷம் ஒரு நாள் உங்களுக்கே. தனி வயலின்."

பாடகர் ஒரு ராகத்தை விரித்துப் பாடி முடித்ததும், அதையே வாசிக்க வயலினுக்கு விடுவது முறை. எங்கள் பாடகர் எனக்கு விட்டதே இல்லை. முடித்த கையோடு பாட்டை எடுத்துவிடுவார்.

பயம் வந்தால் எனக்கு வாய் நிற்காது. நேரே அவரிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். செயலாளர் சொன்னது, தயவுசெய்து இன்றைக்கு மட்டும் ராகம் விடுங்கள் என்பது, போன வாரம் காது அடைத்து டாக்டரிடம் போனது, வலது காது இன்னும் லேசாக இரைவது வரைக்கும் சொல்லிவிட்டேன்.

அவர் பழனிப் பக்கத்துக்காரர். யாரையும் மரியாதை குறைத்துப் பேச மாட்டார். "அதுக்கென்னங்க அம்மணி, விட்டாப் போச்சு. இதுக்கெல்லாம் கேக்கோணுங்களா?" என்றார். நான் அவர் காலில் விழாத குறை.

மிருதங்கம் வாசிக்கிறவர் எங்கள் ஊர்க்காரர், எனக்கு அண்ணன் மாதிரி. கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "ஏத்தா, ஆசுபத்திரிக்குப் போனதையுமா அவருகிட்டச் சொல்லுவ? விட்டா மாத்திரைச் சீட்டையும் காட்டுவ போல."

கச்சேரியில் ராகம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் பாடகரின் குரல் இறங்கியது. விரல் படாமல் கம்பியை ஒலிக்கவிட்டால் வித்தியாசம் வெளியே தெரிந்துவிடும். அதனால் விரலைத் துளித் துளியாகப் பின்னுக்கு இழுத்து அவரோடு போனேன். அவர் திரும்பிக் காதைத் தொட்டார். பிரடையைத் தொட்டேன், திருகவில்லை. மறுபடியும் திரும்பினார். மறுபடியும் தொட்டேன். பிறகு பாடுவதையே நிறுத்திவிட்டு மைக்கில் கேட்டார்:

"ஏனுங்க அம்மணி, காது இன்னும் அடைச்சுத்தான் இருக்குதுங்களா? டாக்டரு என்னங்க சொன்னாரு?"

மண்டபம் சிரித்தது. செயலாளர் சிரித்தார். கடைசி வரிசையில் என் வீட்டுக்காரரும் சிரித்தார்.

சுருதிப் பெட்டி அவருக்கு அந்தப் பக்கம் இருந்தது. எனக்கு முன்னால் வைத்திருந்த ஸ்பீக்கரில் அவர் குரல் மட்டும்தான் வந்தது. ஒருவேளை என் காதுதான் போய்விட்டதோ? இத்தனை நாளும் அவர் சொன்னதுதான் நிஜமோ? இந்தத் தடவை திருகியேவிட்டேன். கம்பிகளை அவர் குரலுக்கு இறக்கினேன். அவரோடு அழகாகச் சேர்ந்தது.

அவர் என் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிளாஸ்க்கைத் திறந்து நிதானமாக வெந்நீர் குடித்தார். தொண்டையைச் செருமினார். சுருதிப் பெட்டியோடு அப்படியே ஒட்டிக்கொண்டு, சுத்தமாக ஒரே ஒரு இழுப்புப் பாடி ராகத்தை முடித்தார். பிறகு என் பக்கம் கையை நீட்டினார்.

"வாசிங்க அம்மணி. இன்னைக்கு உங்க ராகந்தானுங்க."

இறக்கிவைத்த கம்பியில் வில்லை வைத்து இழுத்ததுமே முன்வரிசை முகம் சுளித்தது. நிறுத்திவிட்டுத் திருகினேன். ஒரு கம்பி ஏறினால் இன்னொன்று நழுவியது. விரல் வேர்த்துக் கட்டை வழுக்கியது. அவர் கண்ணை மூடிப் பொறுமையாகக் காத்திருந்தார். அப்புறம் சபையைப் பார்த்து, "உடம்புக்கு முடியாதவிய, சிரமப்படுத்தக் கூடாதுங்க" என்று சொல்லிவிட்டுப் பாட்டை எடுத்தார். அவருடைய பெரிய மனசுக்கு எல்லோரும் கைதட்டினார்கள்.

திரும்பும்போது மிருதங்கக்காரரும் என் வண்டியில்தான் வந்தார். ராகத்துக்கு மிருதங்கம் கிடையாது. கையைக் கட்டிக்கொண்டு அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

"உன் காதுக்கு ஒண்ணுமில்லத்தா. அவருதான் இறங்குனாரு" என்றார்.

"அப்ப அங்கனயே சொல்லியிருக்கலாம்லண்ணே?"

"சொல்லிட்டு? நாளைக்கு நான் மிருதங்கத்த வீட்லயே தட்டிக்கிட்டு ஒக்காரவா?"

வீட்டில், "எதுக்கும் வேற ஒரு டாக்டரப் பார்ப்பமா?" என்றார் என் வீட்டுக்காரர். அக்கறையாகத்தான் கேட்டார். போனோம். காது சுத்தமாகக் கேட்கிறது என்றார்கள். எனக்குத்தான் இன்னும் நம்பிக்கை வரவில்லை. காலையில் எழுந்ததும் சுருதிப் பெட்டியைக் காதோடு வைத்துப் பார்க்கிறேன்.

இந்த வருஷம் செயலாளர் போன் செய்தார். "தனி வயலினுக்கு வேற ஒருத்தங்களச் சொல்லியாச்சும்மா. மனசுல வச்சுக்காதீங்க. ஆனா உங்கள விட்டுறல. அவரே உங்களத்தான் கேட்டாரு. 'அந்த அம்மணியே வரட்டுங்க, பாவம், நம்மள விட்டா அவியள யாரு கூப்பிடுவாங்க'ன்னாரு. என்னம்மா, வந்துருவீங்கள்ல?"

செத்த நேரம் தயங்கினால் அதுவும் போய்விடுமோ என்று பயமாக இருந்தது.

"வாரேங்கய்யா" என்றேன். "அவருக்கு நான் ரொம்ப நன்றி சொன்னேன்னு சொல்லுங்க."