லிஃப்ட்காரர் மாட்டிய பெரிய டர்போ

லிஃப்ட்காரர் ஒரு காரியத்தை மனதில் போட்டுக்கொண்டால் ஊரே திரண்டு வந்து சொன்னாலும் கேட்க மாட்டார். மாடிக் கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்ப்பது அவர் தொழில். நின்றுபோன பெட்டிக்குள் மாட்டிக்கொண்டு அலறுகிறவர்களை வெளியே எடுத்து எடுத்து, தன்னால் காப்பாற்ற முடியாத ஆளே கிடையாது என்றொரு நினைப்பு அவருக்கு வந்துவிட்டது. அந்த மனிதர்தான் ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே வீட்டு வாசலில் தன் பழைய டீசல் காரின் பானெட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு, முழங்கை வரை கரியாக, யாருக்கும் முகம் கொடுக்காமல் நின்றிருந்தார்.

ஜன்னலோரக் கட்டிலில் அவர் மனைவி தலையணைகளில் சாய்ந்து உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூக்கில் குழாய், பக்கத்தில் ஆக்சிஜன் சிலிண்டர். நுரையீரல் சுருங்கிக்கொண்டே வருகிறது என்று டாக்டர்கள் கைவிரிக்காத குறையாகச் சொல்லியிருந்தார்கள். அவளைப் பார்க்கிற ஆஸ்பத்திரி மலைமேல் இருந்தது. மூச்சு வாங்குகிறவர்களுக்கான ஆஸ்பத்திரியை மூச்சு வாங்க ஏறும் மலையில் கொண்டுபோய் வைத்த புத்திசாலி யாரோ, நன்றாக இருக்கட்டும். ஆம்புலன்ஸ் உயிர் போகிற நிலையில்தான் கீழே இறங்கும். வாடகைக் கார்க்காரர்களோ சிலிண்டரைப் பார்த்ததும் வேறு சவாரி இருக்கிறதென்று நழுவிவிடுவார்கள். சொந்தக் காரை விட்டால் வேறு கதியில்லை. புதன்கிழமை அவளை மேலே சேர்த்துப் புது மருந்து ஆரம்பிக்கப்போகிறார்கள். அன்று போகாவிட்டால் அந்தப் படுக்கை அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

போன மாதம் நடந்ததுதான் அவரை இந்தப் பாடு படுத்தியது. மலைப்பாதையின் செங்குத்தான கொண்டை ஊசி வளைவில் கார் இழுக்க முடியாமல் முனகி, கரும்புகை கக்கி, நின்றேவிட்டது. பின் சீட்டில் அவள். சிலிண்டரின் தலையில் ஆக்சிஜன் அளவைக் காட்டுகிற முள் சிவப்புக் கோட்டை நெருங்கிக்கொண்டிருந்தது. அவர் எஞ்சினோடு மல்லுக்கட்டினார், தள்ளினார், போகிற வருகிற வண்டிகளையெல்லாம் கும்பிட்டார். கடைசியில் ஒரு லாரிக்காரர் கயிறு கட்டி இழுத்துப்போய்ச் சேர்த்தார். அதற்குள் அவள் உதடு நீலம் பாரித்திருந்தது. அவ்வளவு நேரமும் அவள் அவர் முகத்தைப் பார்க்காமல் அந்த முள்ளையே பார்த்துக்கொண்டிருந்ததை அவரால் மறக்க முடியவில்லை.

அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. வண்டிக்குத் தெம்பு போதவில்லை, டர்போ சின்னது என்று தானே முடிவு கட்டினார். டர்போ என்பது நத்தை வடிவத்தில் ஒரு இரும்புக் கூடு. எஞ்சின் விடுகிற புகை அதற்குள் ஒரு காற்றாடியைச் சுழற்றும். அதே தண்டின் மறுமுனையில் இருக்கிற இன்னொரு காற்றாடி வெளிக்காற்றை எஞ்சினுக்குள் திணிக்கும். காற்று கூடினால் இழுவை கூடும். லிஃப்ட் கனத்தால் பெரிய மோட்டாரைப் போடு என்பது அவர் தொழிலில் அரிச்சுவடிப் பாடம். அந்தக் கணக்கிலேயே காயலான் கடையில் உடைத்துப் போட்டிருந்த ஒரு வேனிலிருந்து பெரிய டர்போவாகப் பார்த்துத் தூக்கிவந்துவிட்டார்.

கழற்றுவதற்குள் போதும் போதுமென்று ஆகிவிட்டது. துரு ஏறிய போல்ட்டுகள் சண்டித்தனம் செய்தன. எண்ணெய் விட்டுப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், திட்டியும் பார்த்தார். ஒன்று தலை முறிந்து கையோடு வந்தது. உதவிக்கு வந்திருந்த மைத்துனன், மனைவியின் தம்பி, டவுன் பஸ் ஓட்டுகிறவன், அதைத் துளைபோட்டு எடுத்தான். டர்போவிலிருந்து எஞ்சினுக்குக் காற்று போகும் ரப்பர் குழாயை அவன்தான் கழற்றினான். கழற்றியவன் அதைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். கிளாம்ப் இறுக்கியிருந்த இடத்துக்குக் கீழே, மேலிருந்து பார்த்தால் தெரியாதபடி, விரல் நீளத்துக்கு ஒரு கிழிசல்.

"அத்தான், இதுதான். காத்தெல்லாம் இது வழியா வெளிய போயிருக்கு. டர்போ மேல தப்பே இல்ல. புதுக் குழாய் மாட்டிட்டுப் பழசையே போட்டுடலாம்."

லிஃப்ட்காரர் குழாயை வாங்கி வளைத்துப் பார்த்தார். கிழிசல் வாயைத் திறந்து காட்டியது. அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது, அதுதான் கொடுமை. விளங்காமல் போயிருந்தால்கூடத் தேவலை. மாதா மாதம் தானே எண்ணெய் பார்த்து, தண்ணீர் ஊற்றி, துடைத்துவைத்த வண்டி. அவள் உயிரோடு விளையாடியது இந்தத் துண்டு ரப்பர் என்றால், அதைக் கையால் ஒருதரம் தடவிப் பார்க்காத குற்றவாளி அவர்தான். அதை ஒப்புக்கொள்ள அவரால் முடியவில்லை. காரணம் பெரியதாக இருந்தே ஆகவேண்டும்.

"மாட்டுறது பெரிசுதான்," என்றார். குழாயைச் சுவர் ஓரமாக வீசினார். இனி அந்தப் பேச்சை எடுக்கக் கூடாது என்றும் சொல்லிவிட்டார்.

பெரிய டர்போ பழைய இடத்தில் உட்கார மறுத்தது. துளைக்குத் துளை சேரவில்லை. லிஃப்ட் பட்டறையில் தடித்த இரும்புத் தகடு ஒன்றை வெட்டித் துளையிட்டு நடுவில் கொடுத்தார். வேனிலிருந்து வந்த காற்றுக் குழாய்களையே வளைத்து மாட்டினார், எண்ணெய்க் குழாயை நீட்டினார், விரல் நுழையாத சந்தில் ஸ்பானரை நுழைத்துப் புறங்கைத் தோலை உரித்துக்கொண்டார். இரண்டு நாள் குளிப்பையும் சாப்பாட்டையும் மறந்தார். மனைவி ஜன்னல் வழியாக ஏதாவது கேட்டால், இதோ ஆச்சு, இதோ ஆச்சு என்ற ஒரே பதில்தான். பக்கத்தில் வந்து கொஞ்சம் உட்காருங்களேன் என்று அவள் கேட்டதற்கும் அதே பதில்.

செவ்வாய்க்கிழமை எஞ்சின் உறுமியது. ஊருக்கு வெளியே சமதளச் சாலையில் ஓட்டிப் பார்த்தார்கள். கார் அம்பாகப் பறந்தது. மைத்துனனே பலே என்றான். இருந்தாலும் மலையில் ஒருதரம் ஏற்றிப் பார்த்துவிடலாம் என்று மெல்லச் சொன்னான். வேண்டாம் என்று ஒரேயடியாக மறுத்துவிட்டார் லிஃப்ட்காரர். அந்த வளைவை மறுபடி பார்க்க அவருக்குப் பயம். வீட்டுக்கு வந்து மனைவியிடம் மட்டும் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். அவள் சிரித்தாள், சிரிப்பு இருமலாகி அடங்க நேரம் பிடித்தது.

புதன்கிழமை மைத்துனனுக்கு டியூட்டி. காலையில் வந்து அக்காவைத் தூக்கிப் பின் சீட்டில் உட்காரவைத்து, சாமான்களை டிக்கியில் ஏற்றிவிட்டுப் போனான். கார் மலையடி வரை சவாரிக் குதிரையாக ஓடியது. முதல் வளைவுகளை வேகத்திலேயே தாண்டியது. லிஃப்ட்காரர் கண்ணாடியில் அவளைப் பார்த்து, பார்த்தாயா என்பதுபோல் தலையாட்டினார்.

செங்குத்து வளைவில் முன்னால் ஒரு பார லாரி ஊர்ந்துகொண்டிருந்தது. வேறு வழியில்லாமல் வேகத்தைக் குறைத்தார். லாரி விலகியதும் ஆக்சிலேட்டரை மிதித்தார். ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் மிதித்தார். கரும்புகைதான் கிளம்பியது. பெரிய காற்றாடி சுழலப் புகை வேகமாகப் பாய வேண்டும், தவழ்கிற எஞ்சினிடம் அந்த வேகத்துக்கு எங்கே போவது. லிஃப்ட் மோட்டார் ஸ்விட்சைத் தட்டியதும் முழு பலத்தோடு தூக்கும். டர்போ ஏற்கெனவே ஓடுகிறவனுக்குத்தான் கைகொடுக்கும். இந்த இடத்தில் கைகொடுத்திருக்கக்கூடியது அந்தச் சின்ன டர்போதான், அதைத்தான் அவர் கழற்றி எறிந்திருந்தார். கிளட்ச் கருகும் நாற்றத்தோடு கார் அதே வளைவில் நின்றது.

அவர் திரும்பிப் பார்த்தார். முள் இறங்கியிருந்தது. தன் கையாலேயே இவளை இங்கே கொண்டுவந்து மறுபடி நிறுத்திவிட்டோம், இந்தத் தடவை லாரியும் போய்விட்டது என்று நினைத்தபோது செத்துவிடலாம் போலிருந்தது. சக்கரத்துக்குக் கட்டை கொடுக்க டிக்கியைத் திறந்தார். உள்ளே அவளுடைய போர்வையில் சுற்றி இன்னொரு சிலிண்டர் இருந்தது. நிறைந்த சிலிண்டர். அவர் ஏற்றவில்லை.

அதைத் தூக்கிக்கொண்டு வந்து பின்கதவைத் திறந்தார். மூக்குக் குழாயை அதற்கு மாற்றி மாட்டினார். முள் எழும்பியது. அவர் அவள் காலடியில், கார்ப் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"அந்த ரப்பர் குழாய்தான் கிழிஞ்சிருந்தது," என்றார். "போன தடவை உன்னை இங்க நிறுத்தினது அதுதான். நான் பாத்திருக்கணும். பாக்கல."

"தெரியும்." அவள் மூச்சை இழுத்துக்கொண்டாள். "தம்பி அன்னிக்கே சொல்லிட்டான்."

"தெரிஞ்சுமா மாட்ட விட்டே?"

"இவ்வளவு சின்ன விஷயத்துல நான் போயிருப்பேன்னா... உங்களால தாங்க முடியாது. அதான், பெரிசாவே மாட்டிக்கட்டும்னு இருந்துட்டேன். தம்பிகிட்ட இன்னொரு சிலிண்டர் மட்டும் ஏத்தி வைடான்னேன்."

அன்று மதியத்துக்குள் அவர்கள் மேலே போய்ச் சேர்ந்தார்கள் என்பதைச் சொல்லிவிடுகிறேன். காரைப் பின்னாலேயே உருளவிட்டுச் சமமான இடத்துக்குக் கொண்டுபோய், பாதை காலியாகும்வரை காத்திருந்து, முதல் கியரில் எஞ்சினைக் கத்தவிட்டு ஒரே மூச்சில் ஏற்றினார். ஆனால் அதெல்லாம் பிறகு நடந்தது. இப்போது அவர் அவள் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு விம்மி விம்மி அழுதுகொண்டிருந்தார். கிரீஸ் போகாத அவர் கையை அவள் எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அவர் பதறி எழுந்து, நேரமாகிறது, வண்டியை எடுக்கிறேன் என்றார். அவள் கையை விடவில்லை.

"கொஞ்சம் உக்காருங்க," என்றாள். "காத்து இருக்கு."