சோறு இறங்காத தொண்டைக்கு ஒரு காரப் பாஸ்தா

முதலில் நாக்கின் இடது விளிம்பில் ஒரு சின்னப் புண். மிளகாய் அரைத்த சம்பல் சாப்பிட்டபோது எரிந்தது. சம்பல்மேல் பழியைப் போட்டேன். பிறகு சம்பல் இல்லாமலே எரிந்தது. பல்லின் மேல் பழியைப் போட்டேன். உங்களில் யாருக்காவது இரண்டு மூன்று வாரங்களாக ஆறாத வாய்ப்புண் இருந்தால், இதைப் படிப்பதை இங்கேயே நிறுத்திவிட்டு ஒரு மருத்துவரிடம் காட்டிவிட்டு வாருங்கள். கட்டுரை எங்கும் ஓடிவிடாது.

நான் வேலை பார்த்த காலம் முழுவதும் துறைமுகத்தில் சரக்கு விடுவிப்புப் பிரிவில் இருந்தவள். எந்தத் தாளில் யாருடைய முத்திரை இல்லாவிட்டால் எந்தப் பெட்டி வெளியே போகாது என்பது எனக்குத் தூக்கத்திலும் தெரியும். அதனால் ஆஸ்பத்திரி எனக்குப் புது இடமாகத் தெரியவில்லை. எண் வாங்கு, உட்கார், கூப்பிட்டால் போ, இது வேறு அறை என்று சொன்னால் திரும்பி வந்து உட்கார்.

பயாப்சி (புண்ணிலிருந்து துணுக்குச் சதையை வெட்டிச் செய்யும் சோதனை) புற்றுநோய் என்றது. நாக்கின் இடது ஓரத்தை வெட்டி எடுத்தார்கள். கழுத்தில் நெறிக்கட்டிகளையும் எடுத்தார்கள். பிறகு கதிர்வீச்சு. அது தொடங்குமுன் வயிற்றில் ஒரு குழாய் வைத்தார்கள். வயிற்றுச் சுவரில் துளையிட்டு நேரே இரைப்பைக்குள் போகும் குழாய். வாய் புண்ணாகி எதுவும் விழுங்க முடியாமல் போகும் நாட்களுக்காக. அந்த நாட்கள் சொன்னபடியே வந்தன. குழாய் என்னைக் காப்பாற்றியது. அதற்கு நான் நன்றியுள்ளவள்தான். ஆனால் காப்பாற்றிய எல்லோரையும் ஆயுள் முழுக்க இடுப்பில் கட்டிக்கொண்டு திரிய முடியாது.

கதிர்வீச்சு முடிந்ததும் உமிழ்நீர் வற்றியது. மிச்சம் இருந்ததும் பசைபோல் கெட்டியானது. பால் குடித்தால் தொண்டையில் ஒரு திரை விழுந்ததுபோல் இருந்தது. விழுங்கும் பயிற்சி தரும் பெண்ணிடம் சொன்னேன். எல்லோருக்கும் அப்படி ஆவதில்லை, உங்களுக்கு ஆகிறது என்றால் பாலை விட்டுவிடுங்கள் என்றாள்.

விட்டுவிட்டேன். டத்தோ கிராமாட்டில் எங்கள் வீட்டுக்கு என்னைப் பார்க்க வந்தவர்கள் விடவில்லை. நோயாளியைப் பார்க்க வருகிறவர் மால்ட் பானம் ஒரு டின் இல்லாமல் படி ஏறுவது எங்கள் சனத்தில் குற்றம். பக்கத்து வீட்டு லெட்சுமி அக்கா இரண்டு டின்னோடு வந்தார்.

“சுடச்சுடப் பால்ல கலக்கிக் குடி சரோ. தெம்பு வந்துரும்லா.”

“பால் ஒத்துக்கல அக்கா.”

“அப்ப தண்ணில கலக்கிட்டு, அப்புறம் கொஞ்சமா பால் ஊத்திக்க.”

இப்படிப்பட்ட அன்பை எதிர்த்து வாதாட நல்ல நிலையில் இருக்கும் நாக்கே போதாது.

குழாயை எடுப்பதற்கு விதிமுறை உண்டு. வாய் வழியாகவே போதுமான அளவு சாப்பிட வேண்டும். குழாயில் ஊற்றாமல் சில வாரங்கள் எடை நிலையாக இருக்க வேண்டும். விதிமுறை எனக்குப் பிடிக்கும். எதை நிறைவேற்ற வேண்டும் என்று தெரிந்தால் நிறைவேற்றிவிடலாம். நீராவியில் வேகவைத்த முட்டை, ஓட்ஸ், பூசணி மசியல், தவ்ஃபூ என்கிற மென்மையான சோயாக்கட்டி என்று மெல்ல மெல்லப் பழகிக்கொண்டேன். இந்த முறை குழாய் உணவைக் குறைத்துப் பார்க்கலாம் என்று மருத்துவர் சொல்வார் என எதிர்பார்த்துப் போனேன்.

மருத்துவர் இளைஞர். என் பேச்சு அப்போது கொழகொழவென்று இருந்தது. அவர் இயல்பாக என் கணவர் பக்கம் திரும்பினார்.

“அங்கிள், ஆன்ட்டி வாயால சாப்பிடறாங்களா?”

“எங்க டாக்டர்? ஒரு வாய் சோறு இறங்கல. சும்மா அத இத நக்கிட்டு இருக்கா.”

மருத்துவர் கணினியில் தட்டினார். நான் வாயைத் திறந்து முதல் சொல்லை உருவாக்குவதற்குள், குழாய் உணவு அதே அளவில் தொடரட்டும், அடுத்த முறை பார்க்கலாம் என்று முடித்துவிட்டார். கதவருகே அடுத்த எண் ஒளிர்ந்தது.

காரில் ஏறும்வரை பொறுத்தேன்.

“ஏன் பொய் சொன்னீங்க?”

“என்ன பொய்? நீ சோறு சாப்பிட்டியா?”

“முட்டை, ஓட்ஸ், தவ்ஃபூ…”

“அதெல்லாம் ஒரு சாப்பாடா, சரோ?”

அவர் பொய் சொல்லவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அதுதான் என்னை அதிகம் எரிச்சல்படுத்தியது. அவர் கணக்கில் சோறு போகாத வயிறு காலி வயிறு. நாங்கள் கல்யாண வீட்டில் நூடல்ஸ், ரொட்டி, கேக் எல்லாம் முடித்துவிட்டு வீட்டுக்கு வந்து, இன்னும் சாப்பிடவில்லை என்று சொல்லி ரசம் சாதம் தேடுகிற ஆட்கள். அந்தப் பழக்கம் இன்று மருத்துவக் கோப்பில் ஏறி என் வயிற்றில் குழாயை நிறுத்திவிட்டது.

சோறு ஏன் இறங்கவில்லை என்பதைப் பயிற்சி தரும் பெண் எனக்கு முன்பே விளக்கியிருந்தாள். பருக்கைகள் சிதறும். அவற்றைக் கூட்டிக் கவளமாக்க நாக்கு வேண்டும், ஈரம் வேண்டும். என்னிடம் இரண்டும் அரைகுறை. வழவழப்பான கெட்டிக் குழம்பு பூசிய உணவு என்றால் தானாகவே ஒட்டிக்கொண்டு வழுக்கிப் போகும். “பாஸ்தா செஞ்சு பாருங்க ஆன்ட்டி. நீளமா வேணாம், குட்டியா.” காரம் போடலாமா என்று கேட்டேன். சிரித்தாள். வாயைப் பார்த்தாள். புண் ஆறிவிட்டது, கொஞ்சமாகத் தொடங்குங்கள், வலித்தால் நிறுத்துங்கள் என்றாள்.

எனக்குக் காரம் ஏன் வேண்டும் என்றால், சுவை செத்திருந்தது. உப்பு உலோகமாக இருந்தது, இனிப்பு காகித அட்டையாக இருந்தது. ஆனால் மிளகாயின் எரிச்சல் சுவை அல்ல, அது வலியைச் சொல்லும் நரம்பு வழியாகப் போகிறது என்று எங்கோ படித்திருந்தேன். சுவை போனாலும் வலி போயிருக்காது. இத்தனை மாதம் வலியைத் தின்றவள், நானாகத் தேர்ந்தெடுத்த வலியை ஒரு கரண்டி தின்றால் என்ன?

ஞாயிறு சாயங்காலம் செபராங் ஜெயாவிலிருந்து மகள் கவிதா வந்தாள். அடுப்பில் என்னைக் கண்டதும் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

“அம்மா, நீங்க உக்காருங்கம்மா. அப்பாக்கு என்ன ஆச்சு, உங்கள நிக்க வச்சுட்டு?”

“அவருக்கு ஒண்ணும் ஆகல. எனக்குத்தான் ஆச்சு. பூண்டு உரி.”

செய்முறையைச் சொல்லிவிடுகிறேன், சிலருக்கு உதவும். ஒரு கைப்பிடி முந்திரியைச் சுடுநீரில் நன்றாக ஊறவையுங்கள். ஒரு துண்டு தவ்ஃபூவோடு சேர்த்து, துளி நறநறப்புகூட இல்லாத அளவுக்கு அரையுங்கள். நம் தொண்டைக்கு ஒரு துணுக்கு போதும், இருமிச் சாக. தேங்காய்ப் பால் வேண்டாம். ஊற்றினால் வீடே அதைக் கறி என்று நினைத்துச் சோறு கேட்கும். பூண்டை எண்ணெயில் நிறம் மாறாமல் வதக்குங்கள். சந்தையில் விற்கும் அரைத்த மிளகாய் விழுதைச் சேர்த்து, பச்சை வாடை போகும்வரை கிளறுங்கள். தக்காளி கூடாது, புளிப்பு வாயைக் கடிக்கும். சுட்டு, தோல் உரித்து அரைத்த சிவப்புக் குடைமிளகாய் அந்த வேலையைச் செய்யும். முந்திரி விழுதை ஊற்றி, பாஸ்தா வெந்த நீரால் தளர்த்துங்கள். பாஸ்தாவைப் பொட்டலத்தில் போட்டிருக்கும் நேரத்தைத் தாண்டியும் வேகவிடுங்கள். பல்லில் கொஞ்சம் கடிபட வேண்டும் என்று சொல்கிறவர்களுக்கு முழு நாக்கு இருக்கிறது.

என் கணவர் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார்.

“பால் ஆகாதுன்ன. இது என்ன வெள்ளையா?”

“முந்திரி.”

“இப்ப ஏன் சிவப்பாவுது?”

“மிளகா.”

“சரோ, உனக்கு மூளை கெட்டுப் போச்சா?”

“மூளைய வெட்டல. நாக்கதான் வெட்டினாங்க. தட்டு எடுத்து வைங்க.”

மூன்று தட்டு. மூன்றிலும் ஒரே உணவு. என் தட்டில் மட்டும் குழம்பு அதிகம், சூடு குறைவு. ஓர் இடத்தில் மூவரும் ஒரே சாப்பாட்டுக்கு உட்கார்ந்து நெடுநாளாகியிருந்தது. அதுவரை அவர்கள் மேசையில் சாப்பிடுவார்கள். நான் கூடத்து நாற்காலியில் சட்டையைத் தூக்கிக்கொண்டு குழாயில் ஊற்றிக்கொள்வேன்.

முதல் கரண்டியை வலது பக்கம் வைத்து, தாடையை மார்போடு சேர்த்து, சொல்லிக்கொடுத்தபடி அழுத்தி விழுங்கினேன். ஒன்றும் நடக்கவில்லை. பிறகு வலது பக்கம் பற்றிக்கொண்டது. இடது பக்கத்துக்குச் செய்தியே போகவில்லை. பாதி வாயில் தீ, பாதி வாயில் ஊரடங்கு. கண்ணில் நீர், மூக்கில் நீர். வற்றிய வாயிலும் கொஞ்சம் ஈரம் ஊறியது. இருமல் சத்தம் கேட்டது. நான் இல்லை. என் கணவர்தான்.

“யம்மா! என்னா காரம்லா இது!” என்று தண்ணீருக்கு ஓடினார்.

“அப்பா, பேஷண்ட் நீங்களா அம்மாவா?” என்றாள் கவிதா.

நான் தட்டை வழித்து முடித்தபோது வெளியே இருட்டியிருந்தது. தட்டைச் சாய்த்து அவருக்குக் காட்டினேன். அவர் நெடுநேரம் பார்த்தார். கண் கலங்கியது, மிளகாய் என்று சொல்லிக்கொண்டார்.

“நல்லாத்தான் இருந்துச்சு சரோ,” என்று எழுந்தார். சமையலறைக்குப் போனார். பானை மூடி திறக்கும் சத்தம். “கவி, சோறு இருக்கா?”

அன்றுதான் முடிவெடுத்தேன். இந்த மனிதரை மாற்ற முடியாது. மாற்ற வேண்டியது பதில் சொல்லும் ஆளை.

உணவியல் ஆலோசகரிடம் பேசி, அவர் சொன்ன வரிசையில் ஒவ்வொரு வேளைக் குழாய் உணவையும் நிறுத்தி, அந்த இடத்தில் வாய்ச் சாப்பாட்டை வைத்தேன். எடை கொஞ்சம் இறங்கி, பிறகு நின்றது. நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். எதிர்ப்பதையும் முறைப்படி எதிர்த்தால்தான் செல்லும்.

அடுத்த பரிசோதனைக்குப் போனோம். அதே இளைஞர், அதே நாற்காலி.

“அங்கிள், ஆன்ட்டி இப்ப…”

நான் கையை உயர்த்தினேன். “என்னக் கேளுங்க.”

அந்த இரண்டு சொல்லுக்கே நேரம் பிடித்தது. என் கணவர் உதவிக்கு வாயெடுத்தார். அவரைப் பார்த்தேன். மூடிக்கொண்டார். காலையில் என்ன, மதியம் என்ன, இரவு என்ன என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். சில சொற்கள் உடைந்தன, திரும்பச் சொன்னேன். பசையான எச்சில் உதட்டோரம் ஒட்டியது, துடைத்துவிட்டுத் தொடர்ந்தேன். வெளியே யாரோ கதவைத் தட்டினார்கள். மருத்துவர் கணினியிலிருந்து கையை எடுத்துவிட்டு, முழுவதும் கேட்டார்.

“காரப் பாஸ்தாவா, ஆன்ட்டி?”

“பால் இல்லாம,” என்றேன்.

குழாயை எடுத்துவிட்டார்கள். துளை தானாகவே மூடிக்கொண்டது. இப்போது எனக்கு இரண்டு தொப்புள். ஒன்று நான் பிறந்ததற்கு, மற்றது நான் சாக மறுத்ததற்கு.

நோய் திரும்பாது என்று யாரும் எனக்கு எழுதித் தரவில்லை. பரிசோதனைக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறேன். நாக்கின் இடது பக்கம் என்னுடையதாக இல்லை. அதை வாடகைக்குக் குடியிருப்பவரைப்போல் மரியாதையாக நடத்துகிறேன். இரவுச் சாப்பாடு ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. ஒரு வாக்கியம் சொல்ல முன்பைவிட இரண்டு மடங்கு நேரம் ஆகிறது. முதலில் எதிரே இருப்பவர்களின் முகத்தைப் பார்த்து அவசரப்பட்டேன். இப்போது அவசரப்படுவதில்லை. என் கணவர் தன் பங்கைச் சாப்பிட்டு, சோறும் சாப்பிட்டு, கை கழுவி, செய்தி பார்த்துவிட்டு மேசைக்கு வருகிறார். நான் அப்போதும் பாதித் தட்டில்தான் இருக்கிறேன். அவர் எதிரே உட்கார்ந்துகொள்கிறார். உட்காரட்டும். என் வாயின் வலது பக்கம் நன்றாக எரிகிறது.