ஜாஸ்பரின் பதினொரு பேர்

ஜாஸ்பர் மாயெலாசி ஒரு கோல்கீப்பரின் மாமாவுக்கு ஆயிரம் டாலர் கடன்பட்டிருந்தான். கைநீட்டி வாங்கிய கடனல்ல. அட்டையில் எழுதிச் சம்பாதித்த கடன்.

எங்கள் தீவு நாட்டின் தலைநகர் ஹொனியாராவில், ஒயிட் ரிவர் பஸ் நிற்கும் இடத்தில், கிழிந்த குடைக்குக் கீழே பாக்கும் சுண்ணாம்பும் உதிரி சிகரெட்டும் விற்கிறவன் அவன். நம் தேசியக் கால்பந்து அணிக்கு ஆட்டம் வந்தால், மூன்று நாள் முன்பே டின் மீன் அட்டைப்பெட்டியின் மூடியைக் கிழித்து, யார் யார் இறங்குவார்கள் என்று பதினொரு பேரை எழுதிக் குடைக் கம்பியில் கட்டிவிடுவான். பதினைந்து வருடமாக இதுதான் அவனுடைய தொழில். பாக்கு விற்பது பொழுதுபோக்கு.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். துறைமுகத்தில் கொப்பரை மூட்டை தூக்கினேன், ஒரு ஓட்டை வேன் வாங்கினேன், இன்று நாலு மினிபஸ் என் பெயரில் ஓடுகிறது. ஜாஸ்பர் ஆறாம் வகுப்பு வரை போனவன். என்னைவிட அதிகமாகப் படித்த அந்த மூன்று வருடத்தையும் இந்த அட்டையில்தான் கொட்டியிருக்கிறான்.

பயிற்சி நடக்கும் நாளெல்லாம் மைதானத்து வேலியில் மூக்கை வைத்து நிற்பான். எவனுக்கு மஞ்சள் மேலாடை கொடுக்கிறார்கள், எவன் நொண்டுகிறான், எவன் தோளில் பயிற்சியாளர் கை போடுகிறார் என்று பார்ப்பான். கை போடப்பட்டவன் வெளியே உட்காருவான் என்பது அவன் கண்டுபிடிப்பு. கழற்றிவிடப் போகிறவனுக்குத்தான் ஆறுதல் சொல்வார்களாம். இத்தனை ஆராய்ச்சிக்கும் அவன் சரியாகச் சொன்னது அதிகபட்சம் எட்டுப் பேர். அந்தத் தடவை பாதி அணிக்குக் காய்ச்சல், நிற்கத் தெம்பு இருந்ததே பதின்மூன்று பேருக்குத்தான். ரேடியோவில் உண்மையான பட்டியல் வந்த பிறகாவது அட்டையைத் திருத்துவானா என்றால் மாட்டான். பயிற்சியாளர் தப்புச் செய்துவிட்டார் என்பான்.

போன வருடம் மக்கிராத் தீவுப் பையன் பிலிமோன் கோல்கீப்பராக வந்தான். ஜாஸ்பர் அவனைச் சேர்க்கவில்லை. அதோடு விட்டிருக்கலாம். பட்டியலுக்குக் கீழே, ‘பிலிமோன் கையில் பந்து நிற்காது, வலையில்தான் நிற்கும்’ என்று எழுதினான். எவனோ போனில் படம் பிடித்தான். கப்பலுக்கு முன்னால் அந்தப் படம் மக்கிரா போய்ச் சேர்ந்தது.

மறுநாள் காலை பிலிமோனின் மாமா வில்பிரட் வாகா ஆறு ஆட்களோடு குடைக்கு முன்னால் வந்து நின்றார். எங்கள் வழக்கப்படி, ஊர் பார்க்க ஒருவனை அவமானப்படுத்தினால் அவன் ஆட்களுக்கு ஈடு கட்ட வேண்டும். போலீஸும் கோர்ட்டும் அதற்கப்புறம்தான். அவர் கேட்டது ஐந்நூறு.

சனிக்கிழமை பிலிமோன்தான் இறங்கினான். ஐந்து கோல் வாங்கினான். ஜாஸ்பருக்கு ஒரே சந்தோஷம். தான் எழுதியது நிஜமாகிவிட்டது, இனி ஈடு எதற்கு என்று வில்பிரட் வீட்டுக்கே நடந்து போய்க் கேட்டான். புத்தியுள்ளவன் எவனாவது அங்கே போவானா?

வில்பிரட் சத்தம்கூடப் போடவில்லையாம்.

“நீ பொய் எழுதியிருந்தா நாங்களே சிரிச்சிட்டுப் போயிருப்போம் தம்பி. நிஜமாப் போச்சு பாரு, அதனால ஆயிரம்.”

ஆயிரமும் கைக்கு வருகிறவரை அட்டை கட்டக் கூடாது, கட்டினால் குடை ஆற்றில் மிதக்கும் என்றும் சொல்லி அனுப்பினார்.

அடுத்த ஆட்டம் நம் ஊரிலேயே, மூன்று வாரத்தில். பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் முன்வரிசையில் யார் என்று ஜாஸ்பரைக் கேட்பார்கள். அவன் பாக்கை வாயில் அடக்கிக்கொண்டு ரோட்டைப் பார்ப்பான். இதற்குள் பக்கத்துக் குடைக்காரி மார்த்தா ஒரு அட்டை கட்டிவிட்டாள். அதில் பதினாலு பேர் இருந்தார்கள். யாருக்கும் மனவருத்தம் வரக் கூடாதல்லவா. அவளுக்கு வியாபாரம் பிய்த்துக்கொண்டு போனது. இவன் அந்தப் பதினாலையும் பார்த்துப் பார்த்து இளைத்துப்போனான்.

எங்கள் ஆட்களில் ஒருவன் ஈடு கட்ட வேண்டி வந்தால் சொந்தக்காரர்கள் எல்லோரும் ஆளுக்குக் கொஞ்சம் போடுவார்கள். ஜாஸ்பருக்கு ஒருவர்கூடப் போடவில்லை. பதினைந்து வருடத்தில் எல்லார் வீட்டுப் பையனையும் ஒரு தடவையாவது பட்டியலிலிருந்து தள்ளியிருக்கிறான். சொந்த அக்கா மகனை மட்டும் நாலு தடவை.

கடைசியில் என்னிடம் வந்தான். என் மகன் எல்டன் இடது ஓரத்தில் ஆடுகிறவன், இரண்டு வருடமாக அணியில் பெஞ்சைத் தேய்க்கிறான். நான் சுற்றி வளைக்கிற ஆளில்லை. ஆயிரத்தை இப்போதே தருகிறேன், சனிக்கிழமை அட்டையில் எல்டன் பெயர் இருக்க வேண்டும் என்றேன். வேறு எவனாயிருந்தாலும் என் காலைத் தொட்டிருப்பான்.

என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து, என் டீயைக் குடித்துக்கொண்டே யோசித்தான்.

“எல்டன் நல்லா ஓடுவான்ணே. முன்னாடி மட்டும்தான் ஓடுவான். திரும்பி வர்ற பழக்கமே கிடையாது.”

எழுந்து போடா என்றேன். அவன் எழுந்து, வாசலில் நின்று, தன் டிவியை வாங்கிக்கொள்கிறீர்களா என்று கேட்டான். பெரிய டிவி. அவன் வீட்டில் விலைபோகிற பொருள் அது ஒன்றுதான். ஆட்டம் என்றால் அவன் இருக்கும் மேட்டுத் தெருவே அதற்கு முன்னால்தான் உட்காரும். ஆயிரம் என்றேன். ஆயிரத்து இருநூறு என்றான். சீனாக்காரன் கடையில் இன்ஜினையே பாதி விலைக்கு அடித்து வாங்கியவன் நான். இவன் ஒரு டாலர் இறங்கவில்லை. கொடுத்தேன். தர்மம் என்று யாரும் நினைக்க வேண்டாம், அது இரண்டாயிரம் பெறும்.

வியாழக்கிழமை வில்பிரட்டும் அவர் ஆட்களும் குடையடிக்கு வந்தார்கள். ஜாஸ்பர் சாட்சிக்கு என்னைக் கூப்பிட்டிருந்தான். வில்பிரட் கையை நீட்டினார். ஜாஸ்பர் நான் கொடுத்த நூறு டாலர் தாள்களை ஒவ்வொன்றாக, உரக்க எண்ணி வைத்தான். பத்து வந்தது. பதினொன்றாவதையும் வைத்தான்.

“எண்ணத் தெரியாதா உனக்கு? பத்தோட கணக்கு முடிஞ்சுது” என்றார் வில்பிரட்.

“தெரியும் மாமா. இது சனிக்கிழமைக்கு. இந்தத் தடவையும் பிலிமோன் இல்ல.”

ஆறு பேரும் வில்பிரட்டின் முகத்தைப் பார்த்தார்கள். நான் குடையைப் பார்த்தேன்.

“கீழ ஏதாவது எழுதுவியா?”

“எழுத மாட்டேன். பேரு இருக்காது, அவ்வளவுதான்.”

 வெறுமனே பேர் விட்டுப்போவதற்குக்கூட நூறு போதாது என்றார் வில்பிரட். கை விரித்தபடியே இருந்தது. ஜாஸ்பர் பன்னிரண்டாவது தாளை அதில் வைத்தான்.